பக்குரங்கா கொல்லைப்புறத்தில் ஒரு களத்தேர்வு

மாணவர் ஆலோசனை மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு தகவல். ஜன்னலோர நாற்காலியின் உயரத்தை மாற்றும் கைப்பிடி வேலை செய்யாது. ஓய்வு பெறும் நாள்வரை நான் முயன்று பார்த்துவிட்டேன். அதோடு மல்லுக்கட்டாதீர்கள். மல்லுக்கட்ட இந்த வேலையில் வேறு எவ்வளவோ இருக்கிறது.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு நம்முடைய வேலை வெறும் கூட்டல். மாணவர் எந்தெந்தப் பாடம் முடித்திருக்கிறார், எத்தனை புள்ளி சேர்ந்திருக்கிறது, பட்டத்துக்கு இன்னும் என்ன பாக்கி என்று பார்த்துச் சொல்வது. அதைக் கணினியே செய்துவிடும். கணினிக்கு வராத ஒரு வேலை உண்டு. விதி ஒன்றைக் கேட்கும், உலகம் வேறொன்றைக் கொடுக்கும், நடுவில் ஒரு பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும். அப்போது எங்கே பேசுவது, எங்கே வாயை மூடிக்கொள்வது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். வாயை மூடுவது எனக்குப் பிறவியிலேயே வராது. என் வீட்டுக்காரரைக் கேட்டால் மணிக்கணக்கில் சாட்சி சொல்வார். ஒரே ஒருமுறை வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

புவி மற்றும் சுற்றுச்சூழல் அறிவியல் இளநிலைப் பட்டத்துக்கு என்னென்ன வேண்டும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். கொஞ்சம் வேதியியல், கொஞ்சம் புள்ளியியல், பாறை, ஆறு, காலநிலை, வரைபடம். அறிவு அகலமாக வேண்டும் என்பதற்காகச் சம்பந்தமே இல்லாத வேறொரு துறையிலிருந்து ஒரு பாடம். கடைசியாகக் களப் பாடம். மாறிக்கொண்டோ நகர்ந்துகொண்டோ இருக்கும் ஒரு நிலத்துக்கு மாணவர் போய், அதைத் தன் கையால் அளந்து வரைபடமாக்க வேண்டும். பிறகு பாடப் பொறுப்பாளர் அதே இடத்துக்கு வந்து, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது எங்கே, அது எங்கே என்று கேட்பார். தரையில் காட்டினால் தேர்ச்சி. காட்டாவிட்டால் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பைக்கூடை.

அபிநயா நாமக்கல்லிலிருந்து படிக்க வந்த பெண். ஏவன்டேல் என்ற புறநகர்ப் பகுதியில் தோழிகளோடு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். எல்லாப் பாடங்களையும் நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டாள். களப் பாடம் மட்டும் பாக்கி. அதற்குக் காரணம் அவள் சோம்பேறித்தனம் இல்லை, பூமிதான் ஒத்துழைக்கவில்லை.

முதல் தடவை எரிமலையைப் பார்க்கக் கூட்டிப் போவதாக இருந்தது. எரிமலை லேசாகப் புகைய ஆரம்பித்ததும் பயணத்தை ரத்து செய்துவிட்டார்கள். எரிமலை எரிமலையாக நடந்துகொண்டது அதன் குற்றம். அடுத்த தடவை கடற்கரையில் நிலச்சரிவு பார்க்கப் போனார்கள். நிலச்சரிவுக்குப் போகும் சாலை நிலச்சரிவால் மூடிக் கிடந்தது. பேருந்து பாதிவழியில் திரும்பியது. வழியில், டெய்ரி என்று இங்கே சொல்கிற ஒரு பெட்டிக்கடையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டதைத் தவிர அந்தப் பிள்ளைகளுக்கு வேறு கள அனுபவம் கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருடம் சிக்கன நடவடிக்கை என்று சொல்லி அந்தப் பாடத்தையே நிறுத்திவிட்டார்கள்.

அன்று என் மேசைக்கு வந்து நின்றாள்.

"மேடம், இந்த வருஷம் அந்த பேப்பரே நடத்தலைன்னு போட்டிருக்காங்க."

"ஆமாம்மா, பார்த்தேன்."

"ஆனா பட்டத்துக்கு அது கட்டாயம்னும் போட்டிருக்காங்க."

"அதையும் பார்த்தேன்."

"ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்கு மேடம்."

இருந்தது. மேலே கட்டாயம், கீழே கிடையாது. நடத்தாத பாடத்தை முடித்தால்தான் பட்டம். இதை எழுதியவர் யார் என்று விசாரித்தேன். மேல் பாதியை ஒரு குழு எழுதியிருந்தது, கீழ்ப் பாதியை இன்னொரு குழு எழுதியிருந்தது. இரண்டு குழுவிலும் பாதிப்பேர் ஒரே ஆட்கள்தான்.

அவள் கூட்டாளிகள் வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கோடைக்கால முகாமுக்குப் பதிவு செய்துகொண்டார்கள். இவளுக்கு அது உதவாது. கோடை வருவதற்குள் விசா முடிந்துவிடும். ஈஸ்ட் டாமாக்கி பகுதியில் மண் பரிசோதிக்கும் ஒரு நிறுவனம் இவளை வேலைக்கு எடுத்து, பட்டம் முடிந்தது என்ற உறுதிக்காகக் காத்திருந்தது. வேலை இருந்தால் விசா. பட்டம் இருந்தால் வேலை. களம் இருந்தால் பட்டம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு நாமக்கல். அவள் இதையெல்லாம் அழாமல் சொன்னாள். நான்தான் மேசையில் கைக்குட்டையைத் தேடினேன்.

பாடப் பொறுப்பாளர் நல்ல மனிதர். குளிர்காலத்திலும் அரைக்கால் சட்டை போடுகிற, ஆறடிக்கு மேல் வளர்ந்த வெள்ளைக்காரர். பாடம் நடக்காத வருடத்தில் ஈடான களப்பணியை ஏற்கலாம் என்று விதியில் ஒரு வரி இருப்பதை நான் காட்டியதும், உடனே சரி என்றார். இடத்தை நாங்களே தேட வேண்டும், பாதுகாப்புப் பிரிவு ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

அந்த 'அவ்வளவுதான்' என்னைப் படாத பாடு படுத்தியது. பாதுகாப்புப் பிரிவின் படிவத்தில் முதல் கேள்வி, நிலம் அசையாமல் உறுதியாக இருக்கிறதா என்பது. ஆம் என்று எழுதினால் களப் பாடத்துக்குத் தகுதியில்லை, ஏனென்றால் அதற்கு நகரும் நிலம் வேண்டும். இல்லை என்று எழுதினால் மாணவரை அங்கே அனுப்ப அனுமதியில்லை. அந்தப் பிரிவில் இருந்த இளைஞனுக்குப் போன் போட்டு, நகர வேண்டும், ஆனால் பாதுகாப்பாகவும் இருக்க வேண்டும் என்றால் எந்த மாதிரி நிலம் என்று கேட்டேன். அவன், "சோம்பேறி நிலமாகப் பாருங்கள்" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

இதற்குள் விஷயம் நம் தமிழ் ஆட்களுக்குள் பரவிவிட்டது. கோயிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரியவர் போன் செய்தார். "என்னம்மா, உங்க கையிலதானே இருக்கு? ஒரு டிக் போட்டா அந்தப் பொண்ணு வாழ்க்கையே செட்டில் ஆயிடும்."

"டிக் போடுறது கம்ப்யூட்டர்ங்க. அது நமக்குச் சொந்தமில்ல."

"நீங்க சொன்னா கேக்கும்."

இந்த மாதிரி போன் உங்களுக்கும் வரும், தயாராக இருங்கள். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த, சமோவா தீவைச் சேர்ந்த அம்மாள், சிரித்தால் மாடிவரை கேட்கும், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சிரிக்க மாட்டார். உன் ஊர்ப் பிள்ளைக்கு நீ விதியை வளைத்ததாக ஒருத்தர் சந்தேகப்பட்டாலும், அந்தப் பிள்ளை நேர்மையாக எழுதிய பரீட்சையையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தார். உதவி செய், இடம் தேடிக் கொடு, கதவைத் திறந்து விடு. தேர்வு நடக்கும்போது மட்டும் வாயைத் திறக்காதே.

சோம்பேறி நிலம் எங்கே இருக்கும் என்று நான்கு நாளாக மண்டை காய்ந்தது. ஐந்தாம் நாள் பாத்திரம் கழுவும்போது பக்குரங்கா பகுதியில் இருக்கும் புவனேஸ்வரியின் வீடு ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரி, கோயிலில் பழக்கம். அவள் மகனுடைய பிறந்தநாளுக்குப் போயிருந்தபோது கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்த நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நகர்த்திப் போட்டேன், அங்கேயும் சாய்ந்தது. துணிக்கொடிக் கம்பம் ஆற்றுப் பக்கமாகக் குனிந்திருந்தது, வேலி அதற்குத் துணையாகக் குனிந்திருந்தது. கொல்லைப்புறம் டாமாக்கி ஆற்றின் கழிமுகத்தை நோக்கி இறங்குகிறது. புல்லுக்குள் நீளமான வெடிப்புகள். யாரும் கண்டுகொள்ளவில்லை, நாங்கள் எல்லோரும் கேக்கில் கவனமாக இருந்தோம்.

அபிநயாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கொல்லைப்புறக் கதவைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்தவர் வீட்டு வெடிப்பைப் பார்த்து யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் கண்டதில்லை.

புவனேஸ்வரியின் கணவர் தங்கராசா ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்பவர். அவருக்குத்தான் கொஞ்சம் யோசனை. "ஆடுற நிலம் எண்டு எழுதிப்போட்டால், நாளைக்கு வீட்டை விக்கேக்க ஆர் வாங்குவினம்?"

"ஆர் இப்ப விக்கிறது? மோர்ட்கேஜ் முடியவே நான் கிழவியாப் போடுவன்," என்றாள் புவனேஸ்வரி. "படிக்கிற பிள்ளைக்கு மண் பார்க்க வேணுமாம், பார்க்கட்டும். மண்ணென்ன தேய்ஞ்சே போகும்? ரீச்சர், நீங்கள் இருங்கோ, தேத்தண்ணி போடுறன்." நான் டீச்சர் இல்லை என்று பலமுறை சொல்லிவிட்டேன். பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிற எல்லோரும் அவளுக்கு ரீச்சர்தான்.

பிறகு வார இறுதிகளில் அபிநயா அங்கே போய் அளவு நாடாவோடு குனிந்து குனிந்து அளந்தாள். வீட்டுச் சுவரின் மூலையிலிருந்து ஒவ்வொரு வெடிப்புக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம், வேலி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எல்லாம் வரைபடத்தில் ஏறின. புவனேஸ்வரி அவளுக்குப் புட்டும் சொதியும் கொடுத்தாள். ஆனால் பிள்ளை ஏன் தன் வீட்டு வளவின் குறைகளை இவ்வளவு கவனமாகக் குறித்துக்கொள்கிறது என்று அவளுக்குள் ஓர் உறுத்தல் இருந்திருக்கிறது. அது எங்களுக்குத் தெரியவில்லை. வரைபடம் முடிந்த பிறகு அபிநயா அந்தப் பக்கம் போகவும் இல்லை.

தேர்வு நாள் வந்தது. பாதுகாப்புப் பிரிவு நிலத்தை ஏற்றுக்கொண்டிருந்தது, ஆனால் நிபந்தனைகளோடு. முதலுதவிச் சான்றிதழ் உள்ள ஒருவர் உடனிருக்க வேண்டும். அலுவலகத்தில் அது என்னிடம்தான் இருந்தது. ஆகவே சேலைக்கு மேல் ஆரஞ்சு நிறச் சட்டை, தலையில் ஹெல்மெட், கழுத்தில் விசில். நிலம் நகர்ந்தால் நான் விசில் ஊத வேண்டும், ஊதினால் எல்லோரும் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் கூட வேண்டும். ஆண்டு முழுக்கச் சேர்த்தும் ஒரு விரல்கடைகூட நகராத நிலத்துக்கு நான் காவல்.

பாடப் பொறுப்பாளர் அரைக்கால் சட்டையில் வந்து சேர்ந்தார். புவனேஸ்வரி பட்டுச் சேலையில் வரவேற்றாள். தங்கராசா கோட்டு போட்டிருந்தார். எல்லோரும் கொல்லைப்புறத்துக்குப் போனோம்.

வெடிப்புகளைக் காணோம். ஒன்றுகூட இல்லை. சுவரிலிருந்து வேலிவரை பச்சைப் பசேல் என்று புதுப் புல், பாய் விரித்ததுபோல. வேலி நிமிர்ந்து நின்றது. துணிக்கொடிக் கம்பம் ராணுவ வீரனைப்போல விறைப்பாக நின்றது. ஓரமாகச் செவ்வந்திச் சட்டிகள். வீடு விற்பனை விளம்பரத்தில் போடும் படம்போல இருந்தது.

புவனேஸ்வரியின் முகத்தில் பெருமை தாங்கவில்லை. "எப்பிடி ரீச்சர், வடிவா இருக்கோ? இவர் ரெண்டு கிழமையா வேலை முடிஞ்சு வந்து செய்தவர். புரொபெசர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வாறார் எண்டால் அப்பிடியே விடலாமோ?"

இரண்டு வாரமாக இங்கே என்ன நடந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. சொந்த வீடு வாங்குவதற்கு முன்னால் அவர்கள் பல வருடம் வாடகை வீட்டில் இருந்தவர்கள். இந்த ஊரில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன் என்றால் என்னவென்று தெரியும். ஏஜென்ட் வருவதற்கு முன்னால் சுவர்க் கறையைத் துடை, ஓட்டையை அடை, அடுப்பைத் தேய். அந்தப் பழக்கத்தோடு, வீட்டுக்குப் பெரிய மனிதர் வந்தால் வாசல் கூட்டுகிற நம் பழக்கமும் சேர்ந்துகொண்டது. பிள்ளையின் பட்டம் தன் வளவின் சுத்தத்தில்தான் தொங்குகிறது என்று நம்பி, அவள் பட்டத்துக்கு வேண்டிய அத்தனை ஆதாரத்தையும் அன்போடு மண் போட்டு மூடிவிட்டாள்.

பொறுப்பாளர் வரைபடத்தை விரித்தார். தரையைப் பார்த்தார். மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். "இங்கே ஒரு பெரிய வெடிப்பு போட்டிருக்கிறாய். எங்கே?"

அபிநயா புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேலி பத்து டிகிரி சாய்ந்திருப்பதாக எழுதியிருக்கிறாய்."

நேராக நின்ற வேலியை எல்லோரும் பார்த்தோம். வரைபடம் முழுக்கக் கற்பனையாக எழுதிய பிள்ளையைப்போல அவள் தெரிந்தாள். எனக்கு உண்மை தெரியும். அந்த வெடிப்புகளை நான் என் கண்ணால் பார்த்தவள். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் இடம் தேடிக் கொடுத்தது நான், வீட்டுக்காரர் எனக்குப் பழக்கம், பெண் என் ஊர்க்காரி. நான் சாட்சி சொன்னால் அந்த மதிப்பெண் என் வாயிலிருந்து வந்ததாகிவிடும். வாயை மூட எனக்குத் தெரிந்த ஒரே வழி, அதில் எதையாவது வைப்பது. விசிலை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

பொறுப்பாளர் பேனாவை எடுத்தார். நான் பெருமூச்சு விட்டேன். விசில் ஊதிவிட்டது.

மனிதர் விதியை மதிக்கிறவர். கேள்வி கேட்காமல் முன்வாசலுக்கு ஓடினார். அபிநயா ஓடினாள். தங்கராசா கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார். புவனேஸ்வரி, இதுவும் இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு பகுதி என்று நினைத்து, பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக ஓடினாள். அடுத்த வீட்டுச் சீனக் கிழவர் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தானும் வந்து எங்களோடு நின்றுகொண்டார். நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று பொறுப்பாளர் கேட்டார். நகரவில்லை, நான்தான் மூச்சு விட்டேன் என்றேன். விதிப்படி ஆளெண்ணிக்கை எடுத்த பிறகுதான் திரும்பலாம் என்று அவர் சொல்லி, சீனக் கிழவரையும் சேர்த்து எண்ணினார்.

அந்த இடைவெளிதான் அபிநயாவைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். திரும்பி வரும்போது அவள் முகம் மாறியிருந்தது. வெடிப்பை மூடிவிட்டார்கள் என்று அவள் சொல்லவில்லை. அங்கே பெருமையோடு நிற்கிற புவனேஸ்வரியைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. வரைபடத்தில் எந்த இடத்தை வேண்டுமானாலும் சொல்லுங்கள், காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னாள். தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்கிற நீளமான இரும்புக் கம்பி ஒன்று தோட்டத்து மூலையில் கிடந்தது. கயிறு கட்டுவதற்காக அதன் நுனியை லேசாக வளைத்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டாள்.

பொறுப்பாளர் வெடிப்பே இல்லாத ஓர் இடத்தை வேண்டுமென்றே சொன்னார். அவள் சுவர் மூலையிலிருந்து நாடா பிடித்து அளந்து, கம்பியை ஊன்றி அழுத்தினாள். ஒரு சாண் இறங்கி நின்றுவிட்டது. கெட்டிக் களிமண். பெரிய வெடிப்பு இருந்ததாக வரைந்த இடத்தைக் கேட்டார். அளந்தாள், ஊன்றினாள். கம்பி அவள் கை பிடித்திருந்த இடம்வரை சரக்கென்று உள்ளே போனது.

"ஐயோ பிள்ளை, நேற்றுப் போட்ட புல்லு!" என்றாள் புவனேஸ்வரி.

பொறுப்பாளர் அடுத்த இடத்தைச் சொன்னார். நின்றது. அதற்கடுத்தது. இறங்கியது. அவர் வேகமாகச் சொல்ல ஆரம்பித்தார், தொலைவில், ஓரத்தில், செவ்வந்திச் சட்டிக்குப் பின்னால். வரைபடத்தில் கோடு இருந்த இடத்திலெல்லாம் கம்பி இறங்கியது, கோடு இல்லாத இடத்திலெல்லாம் நின்றது. ஓர் இடத்தில் கம்பியை வெளியே இழுத்தபோது வளைந்த நுனியில் ஊதா நிறத் துணி ஒன்று மாட்டிக்கொண்டு வந்தது. பொறுப்பாளர் அதை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார்.

"அது என்ர பழைய நைலக்ஸ் சீலை," என்றாள் புவனேஸ்வரி, கொஞ்சம் வெட்கத்தோடு. "அந்த இடம் சரியான ஆழம். எவ்வளவு மண் போட்டும் நிரம்பேல்லை."

நான் மொழிபெயர்த்தேன். இதற்கு வாயைத் திறக்கலாம். அது வீட்டுக்காரியின் சொல், என் சொல் இல்லை. மனிதர் அந்தத் துணியை ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பாறைத் துண்டுக்கு எழுதுவதுபோல மேலே இடத்தின் அளவை எழுதிக்கொண்டார். கண்ணுக்குத் தெரிகிற வெடிப்பை யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள், தெரியாததைக் காட்டியவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

விஷயம் விளங்கியதும் புவனேஸ்வரிக்குக் கோபம் வந்துவிட்டது, எங்கள் மேல். "வெடிப்புத்தான் வேணுமெண்டால் முதலே சொல்லியிருக்கலாம்தானே! நான் மினக்கெட்டு அடைச்சிருக்க மாட்டன். இஞ்சேருங்கோ, மண்வெட்டியை எடுங்கோ, புரொபெசருக்கு எல்லாத்தையும் திருப்பித் தோண்டிக் காட்டுவம்." தங்கராசா கோட்டைக் கழற்ற ஆரம்பித்தார். வேண்டாம், போதும் என்று பொறுப்பாளரே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அபிநயாவின் பக்கம் திரும்பி, கை கொடுத்து, தேர்ச்சி என்றார்.

அபிநயா கம்பியைக் கொண்டுபோய் இருந்த மூலையிலேயே சாத்தி வைத்தாள். எனக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆரஞ்சுச் சட்டையும் ஹெல்மெட்டுமாக அதை எப்படிச் செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

புதுப் புல்லில், ஆறு நன்றாகத் தெரிகிற கீழ்ப்பக்கமாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பொறுப்பாளரை நடுவில் உட்கார வைத்தாயிற்று. பற்றீஸ், கடலை வடை, ரோல்ஸ் எல்லாம் வந்தன. சீனக் கிழவருக்கும் ஒரு தட்டுப் போனது. எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். தேநீர்த் தட்டோடு வந்த புவனேஸ்வரி உட்காராமல் அப்படியே நின்றாள்.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டே?"

"கேளுங்க ஆன்ட்டி."

"கம்பி இவ்வளவு ஆழத்துக்கு இறங்குதே. எங்கட வீடு விழுமோ?"

சிரிப்பு நின்றுவிட்டது. நாங்கள் இடம் தேடினோம், படிவம் நிரப்பினோம், விசில் வாங்கினோம், அளந்தோம், பரீட்சை வைத்தோம். அந்த நிலத்தின் மேல் படுத்துத் தூங்குகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எங்களில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. தங்கராசா கையில் இருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டு அபிநயாவையே பார்த்தார்.

அம்மா என்ன கேட்கிறார் என்று பொறுப்பாளர் என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேலும் ஆய்வு தேவைப்படலாம் என்று ஆரம்பித்தார். அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நம் வாயில் தயாராக இருக்கிற ஆறுதல் அது. சொல்லியிருந்தால் பாவம்.

அபிநயா எழுந்து நின்றாள்.

"ஆன்ட்டி, வீட்டுக்கு அடியில நான் பார்க்கல. அதனால விழாதுன்னு சொல்ல மாட்டேன், விழும்னும் சொல்ல மாட்டேன். ரெண்டுமே பொய்யாயிடும். பார்த்ததை மட்டும் சொல்றேன். உங்க கிச்சன் படியிலேர்ந்து இந்தத் துணிக்கொடி வரைக்கும் ஒரு வெடிப்பும் இல்ல, கம்பி எங்கயும் இறங்கல. கொடிக்குக் கீழ இருக்கிற மண்ணு மெதுவா நகருது. கூரைத் தண்ணி வர்ற குழாயை அங்கதான் விட்டிருக்கீங்க, முதல்ல அதை ரோட்டுப் பக்கம் திருப்புங்க. ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டு வீட்டடியைக் காட்டுங்க, நானும் கூட வர்றேன். இனிமே வெடிப்பை மூடாதீங்க, அது பெருசாகுதான்னு நமக்குத் தெரியணும். அதுவரைக்கும் கொடிக்குக் கீழ கூட்டமா யாரும் உட்கார வேணாம்."

புவனேஸ்வரி அவளைப் பார்த்தாள். பார்வையில் புட்டுக் கொடுத்த பிள்ளையைப் பார்க்கிற செல்லம் இல்லை. டாக்டரைப் பார்க்கிற பார்வை. தட்டைப் படியில் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள் கணவரிடம், நாற்காலிகளைக் காட்டி. "கதிரையளை இஞ்சால எடுங்கோ."

நாங்கள் எல்லோரும் கொடிக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தோம். தமிழ் தெரியாத பொறுப்பாளர் வாயில் பற்றீஸோடு அண்ணாந்து பார்த்தார். தங்கராசா மரியாதையாக அவர் நாற்காலியின் பின்னால் போய் நின்றார். நான் விஷயத்தை மொழிபெயர்த்ததும் மனிதர் எழுந்து, தன் காலடியைப் பார்த்தார், துணிக்கொடியைப் பார்த்தார், காது நுனிவரை சிவந்தார். பிறகு தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு மேலே நடந்தார். ஆற்றின் காட்சி போயிற்று. சமையலறைப் படியோரம் முழங்காலோடு முழங்கால் இடிக்க நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து தேநீர் குடித்தோம். எத்தனையோ பட்டதாரிகளின் கணக்கைச் சரிபார்த்து அனுப்பியிருக்கிறேன். ஒரு பிள்ளை சொன்ன சொல்லுக்காக ஒரு வீட்டுக்காரி தன் விருந்தையே தூக்கி இடம் மாற்றியதை அன்றுதான் பார்த்தேன்.